ஜப்பானியப் பேரரசர்களின் கையெழுத்துகள் கொனோஎ குடும்பத்திடம் இருப்பது ஏன்?

பேரரசர்கள் கைப்பட எழுதியவை அரண்மனையை விட்டு ஒரு பிரபுக் குடும்பத்தின் கைக்கு எப்படிப் போயின என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடமே தங்குகிறது என்பதே பதிலின் பெரும்பகுதி. பேரரசரின் கையெழுத்தை ஜப்பானியர் 'சின்கான்' என்பர். அரசவையில் நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கிய புஜிவாரா குலத்தின் தலைமைக் கிளையான கொனோஎ குடும்பத்துக்குப் பேரரசருடன் அரசவை உறவு மட்டுமன்று, இரத்த உறவும் இருந்தது. சிறந்த எழுத்துக்கலைஞரான கொனோஎ நொபுதாதா (1565–1614), தம் தங்கை பேரரசர் கோ-யோசெய்க்குப் பெற்ற மகனையே தத்தெடுத்து நொபுஹிரோ என்னும் பெயரில் வாரிசாக்கினார். அடுத்த பேரரசரான கோ-மிசுனோ அந்த நொபுஹிரோவின் உடன்பிறந்த அண்ணன்.

மறுபகுதி, சேகரிக்கும் ஆர்வம். கோ-மிசுனோவின் மகள்வழிப் பேரனான கொனோஎ இஎஹிரோ (1667–1736), பழைய கையெழுத்துத் துண்டுகளை மடிப்பேட்டில் ஒட்டித் தொகுத்தார்; இத்தகைய ஏட்டுக்குத் 'தெகாகாமி' என்று பெயர். ('தெ' என்றால் கை, நம் 'கையெழுத்து' போலவே அங்கும் அச்சொல் எழுத்தையும் குறிக்கும்.) எட்டாம் நூற்றாண்டுப் பேரரசர் ஷோமுவின் கையெழுத்தாகக் கருதப்பட்ட பௌத்த சூத்திரத் துண்டை இத்தகைய ஏடுகளின் முதலில் வைப்பது மரபு. வழக்கமாக வரிக்கு 17 எழுத்துகள் வரும் இடத்தில் அதில் ஏறத்தாழ 12 பெரிய எழுத்துகளே இருக்கும். அது அவர் எழுதியதன்று என்பதே இன்றைய ஆய்வாளர் முடிவு. ஆனாலும் அந்த எழுத்தின் கம்பீரம் குறைந்துவிடவில்லை என்பது என் எண்ணம்.

ஏட்டில் ஒட்டுவதற்காகச் சுருள்களை வெட்டியதை என்னால் முழுமனதுடன் பாராட்ட இயலவில்லை. எழுத்தில் பெரும்புகழ் பெற்ற பேரரசர் புஷிமி (1265–1317) தம் கவிதைகளைத் தாமே எழுதிவைத்த சுருள்கள் இவ்வாறே துண்டுகளாகிப் பல இடங்களுக்குச் சிதறின. எனினும் 1788, 1854 ஆகிய ஆண்டுகளில் அன்றைய தலைநகரான கியோத்தோவின் அரண்மனையே தீக்கிரையானதை நினைக்கும்போது, எல்லாம் ஒரே கூரையின்கீழ் இராதது நல்லதாயிற்று என்றும் தோன்றுகிறது. கொனோஎ குடும்பத்தாரும் கியோத்தோவைப் பாழாக்கிய ஓனின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் (1467–1477) தம் ஆவணப் பெட்டிகளை நகருக்கு வடக்கேயுள்ள இவாகுராவுக்கு அனுப்பியே காத்தனர்.

அப்போது பிரதமராயிருந்த கொனோஎ புமிமாரோ 1938இல் கியோத்தோவில் நிறுவிய யோமெய் புன்கோ என்னும் காப்பகத்தில் இத்தொகுப்பு இன்றும் உள்ளது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசவையில் கோலோச்சிய புஜிவாரா நோ மிச்சினாகா கைப்பட எழுதிய நாட்குறிப்பின் 14 சுருள்களும் அங்கேயே இருக்கின்றன; அந்த நாட்குறிப்பை 2013இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.