லேப்டாப் மூடித் திறந்தால் டச்பேட் நின்றுவிடுகிறது: குன்னூர் ஈரமா, உபுண்டுவா?

குன்னூரில் இருக்கிறீர்கள், உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் லேப்டாப்பை மூடித் திறந்தால் டச்பேட் அசைவதில்லை, யுஎஸ்பி மவுஸ் மட்டும் ஓடுகிறது, மழைக்கால ஈரம் காரணமா என்கிறீர்கள்.

ஈரம்தான் காரணம் என்று எனக்கு அவ்வளவாகத் தோன்றவில்லை. விரல் பட்டதும் மின்தேக்கத்தில் வரும் மாற்றத்தைத்தான் டச்பேட் உணர்கிறது. ஈரக்கை என்றால் சுட்டி துள்ளும். கம்பளிக் கையுறை என்றால் கண்டுகொள்ளாது (ஊட்டி ஜனவரியில் இதையும் பார்க்கத்தான் வேண்டும்). லேப்டாப் தூங்கி எழும்போது மட்டும் நிற்கிறதென்றால் பெரும்பாலும் டிரைவர் (டச்பேடை இயக்கும் மென்பொருள்) சரியாக விழிக்கவில்லை.

முதலில் எஃப்என் விசையோடு டச்பேட் படம் போட்ட விசையை அழுத்துங்கள். பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் டெர்மினல், அதாவது கட்டளை தட்டும் திரை. சூடோவோடு (sudo, நிர்வாகி அனுமதி) மோட்புரோப் (modprobe) கட்டளை கொடுத்து, டச்பேடின் கர்னல் மாட்யூலை (இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஏறும் டிரைவர் துண்டு) 'மைனஸ் ஆர்' (-r) போட்டு நீக்கி, அது இல்லாமல் அதே கட்டளையால் மறுபடி ஏற்றுங்கள். மாட்யூலின் பெயர் பழைய மாடல்களில் பெரும்பாலும் பிஎஸ்மவுஸ் (psmouse), புதியவற்றில் ஐ2சி ஹிட் ஏசிபிஐ (i2c_hid_acpi). உயிர் வந்தால் காரணம் உறுதி. அதே இரண்டு வரிகளை ஸ்கிரிப்டாக்கி, இயக்க அனுமதி கொடுத்து, சிஸ்டம்டியின் (systemd, பின்னணிச் சேவைகளை நடத்தும் மென்பொருள்) சிஸ்டம்-ஸ்லீப் (system-sleep) அடைவில் போட்டுவிட்டால் இனி தானாக நடக்கும்.

வரவில்லையா? லேப்டாப் தொடங்கும்போது வரும் குரப் (GRUB) மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்து பாருங்கள். அதில் ஓடினால் புது அப்டேட்தான் வில்லன். லைவ் யுஎஸ்பியிலும் (பென் டிரைவிலிருந்தே ஓடும் உபுண்டு), பயாஸ் திரையிலும்கூட (இயங்குதளத்துக்கு முந்தைய அமைப்புத் திரை) அசையவில்லை என்றால் உள்ளே ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கலாம். அதுவரை பழுதுபார்க்கக் கோவைக்கு பஸ் ஏற வேண்டாம்.