உங்களை யாராச்சும் 'பூமர்'னு கூப்பிட்டிருக்காங்களா? பூமர், கிரிஞ்ச், உருட்டு, இதுக்கெல்லாம் என்ன தான் அர்த்தம்?

கூப்பிட்டாச்சு. கூப்பிட்டது எங்க அண்ணன் பொண்ணு, பிளஸ் டூ படிக்கிறா, அதுவும் ஒரே ஒரு கட்டைவிரலுக்காக.

"அத்தை, சனிக்கிழமை வர்றேன்"னு வாட்சப்ல போட்டா, நான் ஆபீஸ்ல இருந்தேன், கட்டைவிரல தூக்கிக் காட்டுற எமோஜிய தட்டி விட்டுட்டு வேலைய பாத்தேன். அஞ்சு நிமிஷத்துல போன். "என்ன அத்தை கோவமா, வர வேணாமா?" எதுக்குடி கோவம்னு கேட்டா, தம்ஸ் அப் மட்டும் போட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குமாம், மெசேஜ் கடைசில புள்ளி வச்சாலும் அப்படித்தானாம். புள்ளி வைக்கலன்னா எங்க தமிழ் டீச்சர் மார்க்க குறைப்பாங்கடின்னு சொன்னேன், "செம பூமர் அத்தை நீங்க"ன்னு சிரிச்சுட்டே வச்சுட்டா.

எனக்கு பூமர்னா சின்ன வயசுல பெட்டிக்கடைல வாங்கி முட்டை விட்ட பபுள்கம் தான். அப்புறம் தான் தேடிப் படிச்சேன், ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட அமெரிக்காவுல 1946லேர்ந்து 1964 வரைக்கும் புள்ளைங்க சரமாரியா பொறந்துச்சாம், அந்த செட்டுக்கு பேரு பேபி பூமர். 2019 வாக்குல அங்க இருக்குற இளசுங்க, அட்வைஸ் பண்ற பெருசுங்கள "ஓகே பூமர்"னு ஒரே வார்த்தைல வாயடைக்க ஆரம்பிச்சு அது எல்லா ஊருக்கும் பரவிருச்சு. நான் பொறந்தது 1986. கணக்குப்படி எங்க வீட்ல பூமர் எங்கப்பா தான், 1955. ஆனா அவர் கைலிய மடிச்சுக் கட்டிட்டு டிவிஎஸ் ஃபிஃப்டிய எடுத்தா "தாத்தா கெத்து"ங்குறா!

அதாவது நம்ம ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள அதுலேர்ந்து வயசு கழண்டு போச்சு. "எங்க காலத்துலலாம்"னு ஆரம்பிச்சா பூமர், இருபத்தஞ்சு வயசுப் பையன் பொண்ணுங்க டிரெஸ்ஸ பத்தி கிளாஸ் எடுத்தா அவனும் பூமர் அங்கிள் தான். நாம "பெருசு"ன்னு சொன்னப்போ தலை நரைச்சவங்கள மட்டும் தான் சொன்னோம், அதுக்கு இது எவ்வளவோ மேல். (நான் பூமரானது வேற கதை.)

கிரிஞ்ச் எனக்கு அவ்வளவா ஒத்து வரல. அடுத்தவங்க பண்றத பாத்து நமக்கு உடம்பு கூசுதே, அது தான் கிரிஞ்ச், சரி. ஆனா ஒரு மனுஷன் பொண்டாட்டி பொறந்தநாளுக்கு ரெண்டு வரி கவிதைய ஸ்டேட்டஸ்ல வச்சாலும் கிரிஞ்ச், கல்யாண வீட்ல சித்தப்பா ஆடினாலும் கிரிஞ்ச்னா அப்புறம் என்னத்த தான் பண்றது, எல்லாரும் உம்முன்னு உக்காந்திருக்கணுமா?

ரிஸ்னு ஒண்ணு, பேசியே ஆள கவுக்குற திறமை, ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரிக்காரங்க 2023க்கான வார்த்தையாவே அத எடுத்தாங்க. எங்க காலேஜ்ல இதுக்கு "கரெக்ட் பண்றது", "உஷார் பண்றது"ம்பாங்க, இப்ப யோசிச்சா கேவலமா இருக்கு, ரிஸ்ஸே தேவலாம்.

இருக்குறதுலயே எனக்கு புடிச்சது உருட்டு தான். பொய்யின்னும் சொல்ல முடியாது, நடந்தது பத்து காசுக்கு இருக்கும், அத உருட்டி உருட்டி பத்து ரூபாய்க்கு ஆக்கி நம்ம மூஞ்சிய பாத்துட்டே சொல்றது. ஆபீஸ்ல அப்ரைசல் மீட்டிங்ல நாங்க எல்லாரும் பண்றது அது தான். அதுக்கு பக்கத்துல உக்காந்து தலையாட்டுறவன் முட்டு குடுக்குறான். இதெல்லாம் மீம் போடுற பசங்க கண்டுபிடிச்சதுன்னு தான் நானும் நெனச்சிட்டு இருந்தேன்.

அந்த சனிக்கிழமை அவ வந்தா, சொன்னது நாலு மணி, வந்தது ஏழரை. பஸ்ஸே வரல தாத்தா, வந்த பஸ்ஸும் பஞ்சர், அப்புறம் ஃப்ரெண்டு பாதி வழில அழுதா, அப்படி இப்படின்னு போயிட்டே இருந்துச்சு. அப்பா பேப்பர்லேர்ந்து நிமிரவே இல்ல. "இந்த உருட்டு பொரட்டெல்லாம் எங்கிட்ட வேணாம், போய் கை கால் கழுவிட்டு சாப்பிடு."

அவளுக்கு வாயெல்லாம் பல்லு. என் காதுல வந்து கேக்குறா, "அத்தை, தாத்தா எப்ப இன்ஸ்டாவுல வந்தாரு?"