ஒரே ஆர்டிஎக்ஸ் 4060, இரண்டு விலை: எந்த கேமிங் லேப்டாப்பை வாங்கலாம்?

தம்பி ஒருவர் எழுதிக் கேட்டது இதுதான்: பினாங்கில் படிக்கப் போகிறார், விடுதி அறையில் மின்விசிறி மட்டும்தான். கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறார். இரண்டிலும் கேம் காட்சிகளை வரையும் கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060தான், ஒன்று மெலிசாக 4,200 ரிங்கிட், இன்னொன்று தடியாக 4,700. கார்டு ஒன்றுதானே, எதற்கு 500 ரிங்கிட் கூடக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

கொடுங்கள் தம்பி. பெயர்தான் ஒன்று.

லேப்டாப்பில் வரும் 4060 இழுக்கும் மின்சாரத்தை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவுக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று கார்டை உருவாக்கும் என்விடியா நிறுவனம் லேப்டாப் தயாரிப்பாளர்களுக்கு விட்டிருக்கிறது. மெலிசான உடம்பில் சூடு வெளியேற இடம் கிடையாது, அதனால் வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள், கார்டின் வேகமும் குறைந்துவிடும். முன்பெல்லாம் இப்படிக் குறைத்த கார்டுக்கு மேக்ஸ்-கியூ என்று தனிப் பெயர் இருந்தது, பார்த்ததும் தெரிந்துவிடும். 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கார்டுகள் லேப்டாப்புக்கு வந்தபோது அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது நாமாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும்: தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் டிஜிபி என்று ஓர் எண் போட்டிருக்கும், கார்டு அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கும் என்பதுதான் அது, கடையில் என்றால் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்க்கலாம். 4060-க்கு 100 வாட்டுக்கு மேல் போனால் வேகம் பெரிதாகக் கூடிவிடாது, ஆனால் 60-க்கும் 100-க்கும் நடுவில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். 2022-இல் மெலிசாக ஒன்று வாங்கினேன், 3060 கார்டு. கடையில் கேம் போட்டுக் காட்டினார்கள், நொடிக்கு 90 ஃபிரேமுக்கு, அதாவது 90 படத்துக்கு, குறையவே இல்லை, சந்தோஷமாகத் தூக்கி வந்தேன். செந்தூலில் எங்கள் ஃபிளாட்டில், மத்தியானம், ஏர்கோன் இல்லாத அறையில் கால் மணி நேரம்தான் ஓடியது, அப்புறம் 50-க்கு இறங்கிவிட்டது, விசைப்பலகையில் விரல் வைக்க முடியவில்லை. கடை முழுக்க ஏர்கோன் குளிர், அங்கே எந்த லேப்டாப்பும் நன்றாகத்தான் ஓடும். அதனால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள், இருபது நிமிடமாவது ஓட விட்டு கார்டின் வெப்பநிலையைப் பாருங்கள். அந்தக் குளிரிலேயே 85 டிகிரியைத் தாண்டினால் உங்கள் விடுதி அறையில் அது தாங்காது. ஓட விட மாட்டோம் என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம், லோயாட்டில் பக்கத்திலேயே வேறு கடை இருக்கும்.

கடையில் இருக்கும்போதே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தையும் திறந்து பாருங்கள். 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருந்தால், இரண்டு இடத்தில் ஒன்றில்தான் குச்சி இருக்கிறது என்பதை 2-இல் 1 என்று காட்டும். இரண்டு 8 ஜிபி குச்சியாக மாற்றித் தரச் சொல்லுங்கள், இரண்டு குச்சி சேர்ந்து ஓடும்போது பல கேம்களில் ஃபிரேம் கூடும். மெலிசான சிலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிற்பாடு கூட்டவே முடியாது.

திரை நொடிக்கு 144 முறை படம் மாற்றினால், அதாவது 144 ஹெர்ட்ஸ் இருந்தால், போதும். ஆனால் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கும் அளவுகள் உண்டு: 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித் தெரியும், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி இருப்பதைத் தேடுங்கள்.

வாரண்டி மலேசியாவில் செல்லுமா, வெளிநாட்டிலிருந்து இறக்கிய செட்டா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, கட்டில் மெத்தைமேல் வைத்து விளையாடவே கூடாது. பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கமாகத்தான் காற்றை இழுக்கின்றன, மெத்தை அந்த வழியை அடைத்துவிடும்.

என்ன கேம் விளையாடுவீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வேலரண்ட், டோட்டா 2 மாதிரி லேசான கேம் மட்டும் என்றால் 4060 கார்டே வேண்டாம், அதற்குக் கீழே உள்ள 4050 முழு வாட்டில் ஓடினால் தாராளமாகப் போதும், மிச்சமாகும் பணத்தில் ரேமைக் கூட்டிக்கொள்ளுங்கள். சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம் என்றால் 4050-இன் 6 ஜிபி வீடியோ மெமரி இடிக்கும், 4060-இல் 8 ஜிபி இருக்கிறது. அப்போது அந்தத் தடியான லேப்டாப்பையே எடுங்கள். அதன் சார்ஜரையும் சேர்த்துப் பையில் போட்டு ஒருமுறை தோளில் மாட்டிப் பாருங்கள், தினமும் வகுப்புக்குச் சுமக்கப் போவது நீங்கள்தானே.