இயேசு ஏன் எல்லாரையும் ஒரே மாதிரி சுகமாக்கல?

ஹட்டன் பக்கம் ஜெபக்கூட்டத்துலயும் ஒரு தம்பி இதே கேள்விய கேட்டாரு. பைபிள்ல மாற்கு 10ல பர்திமேயுங்கிற கண் தெரியாதவருக்கு வெறும் வார்த்தை தான், தொடவே இல்ல. யோவான் 9ல இன்னொரு கண் தெரியாதவருக்கு உமிழ்நீர்ல சேறு உண்டாக்கி கண்ணுல பூசி சீலோவாம் குளத்துல கழுவச் சொல்றாரு. பெத்சாயிதாங்கிற ஊர்ல கண் தெரியாத ஒருத்தர் மேல ரெண்டு தடவ கை வைக்கிறாரு, மொத தடவ அந்தாளுக்கு மனுஷங்க நடக்கிற மரம் மாதிரி தான் தெரிஞ்சாங்க.

எனக்கு மனசுல நிக்கிறது மாற்கு 7ல வர்ற காது கேக்காதவர் தான். எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீடுகள்ல) காது கேக்காத ஒரு அப்பாயி இருந்தாங்க, கொழுந்து நிறுக்கிற எடத்துல எல்லாரும் கத்துனா மெரண்டு போவாங்க, ஓரமா கூட்டிட்டு போயி கையத் தொட்டு சைகையில சொன்னா ஒடனே புரிஞ்சிரும். இயேசுவும் மாற்கு 7ல அந்த காது கேக்காதவர கூட்டத்த விட்டு தனியா கூட்டிட்டு போயி, காதுல வெரல வச்சு, நாக்கத் தொட்டு, வானத்த பாத்துட்டு தான் 'எப்பத்தா', அதாவது திறக்கப்படுன்னு சொல்றாரு. வார்த்தை கேக்காதவருக்கு மொதல்ல கையால பேசுறாரு பாருங்க!

அதனால சேத்துலயோ தண்ணியிலயோ சக்தி இருக்குன்னு எடுக்கக்கூடாது, எதிர்ல நிக்கிற ஆளுக்கு எது புரியுமோ அப்புடி செஞ்சாருன்னு தான் நான் நம்புறேன்.