பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் கரும்பு வெட்டப் போகும் வெளியூர்க் கூலிகள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், முன்பணம்.

பிலிப்பைன்ஸ் சர்க்கரையில் பாதிக்கு மேல் நீக்ரோஸிலிருந்துதான் வருகிறது. பக்கத்தில் உள்ள பனாய் தீவின் அந்தீக்கே மாகாணத்து மலையோரக் கிராமங்களில் கையளவு நிலம், அதுவும் மானாவாரி. வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும் சமயம் பார்த்து ஒப்பந்தக்காரர் வந்து முன்பணம் கொடுப்பார். அதை வாங்கியவர்தான் ‘சகாடா’வாக, அதாவது வெளியூர்க் கரும்பு வெட்டும் கூலியாக, கப்பலேறுகிறார்.

கூலி டன் கணக்கில், பெரும்பாலும் குழுவுக்கு மொத்தமாக. வெட்டி, தோகை கழித்து, கரும்புக் கட்டைத் தோளில் சுமந்து, சாய்த்து வைத்த பலகை வழியே லாரியில் ஏற்றினால்தான் எடை கணக்காகும். லாரி வராத நாளில் கூலியும் கிடையாது, சாப்பாட்டுச் செலவு மட்டும் ஏறும். முன்பணமும் சோற்றுக் கணக்கும் கழிந்தபின் கைக்கு வருவது சொற்பம்.

உள்ளூர்த் தோட்டக் கூலிகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அரைவைப் பருவம் முடிந்து ஆலை நின்றதும் வரும் மாதங்களுக்கு அங்கே ‘செத்த காலம்’ என்றே பெயர். கடன்தான் சோறு போடும். 1980களின் நடுவில் சர்க்கரை விலை சரிந்தபோது பல தோட்டங்களில் வேலையே நின்று, பிள்ளைகள் பட்டினியால் செத்தார்கள். ஊரெல்லாம் கரும்பு, தின்ன நெல் இல்லை!

நிலச் சீர்திருத்தம் என்ன ஆயிற்று என்பீர்கள். 1988 சட்டத்தால் பலருக்குப் பட்டா கிடைத்தது உண்மை. ஆனால் உரத்துக்கும் உழவுக்கும் காசில்லாமல், பழைய முதலாளிக்கே குத்தகைக்கு விட்டு, அதே வயலில் கூலிக்குப் போகிறவர்கள் நிறைய.