கண் மருத்துவச் சேவைக்குப் போக விரும்பும் மகள்: சித்தூர் வட்டத்துத் தாய் ஒருவருக்குப் பதில்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கும் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், ஊர்ப் பள்ளியில் நடந்த இலவசக் கண் முகாமில் உதவிக்கு நின்ற நாள் முதல், ஏழைகளுக்குக் கண் மருத்துவம் செய்யும் நிறுவனத்தில்தான் வேலை பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தர்ம ஆஸ்பத்திரியில் சம்பளம் என்ன வரும், டாக்டராகவும் ஆகாமல் நர்சாகவும் ஆகாமல் பெண் நடுவில் நின்றுவிடுவாளோ, நாளைக்கு ஆப்பிரிக்கா போகிறேன் என்று கிளம்பிவிடுவாளோ என்ற உங்கள் கவலைகளில் ஒன்றையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அவளுடைய விருப்பம் பிழைப்புக்கு ஆகாத விருப்பம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண் மருத்துவ சேவை நிறுவனங்கள் எல்லாமே உண்டியல் பணத்தில் நடப்பவை என்ற எண்ணம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளுடன் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் தம் கையாலேயே அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுகிற கட்டணத்திலிருந்தே, கட்ட முடியாதவர்களின் சிகிச்சைக்கான செலவையும் ஈடுகட்டுவது என்பது அவர் வகுத்த வழி. கோவையில் தொடங்கிய சங்கரா கண் மருத்துவமனையும் ஏறத்தாழ இதே வழியில்தான் வளர்ந்தது. ஆகவே இத்தகைய இடங்களில் வேலை பார்ப்பவர்கள் மாதச் சம்பளம் பெறும் ஊழியர்களே. தொடக்கச் சம்பளம் அதிகமாக இராது என்பது உண்மைதான். ஆனால் கண் பரிசோதனை தெரிந்த கைக்கு வேலை இல்லாமற் போவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

"நடுவில் நின்றுவிடுவாளோ" என்ற கேள்விக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன், ஏனென்றால் கண் மருத்துவத்தின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குவது நீங்கள் நடு என்று நினைக்கும் அந்த இடம்தான். அரவிந்த் போன்ற மருத்துவமனையில் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2000 அளவில் கண்புரை அறுவை சிகிச்சை செய்ய முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அவருடைய கைவேகம் மட்டுமன்று. நோயாளியின் பார்வையை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது, பொருத்த வேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிடுவது, ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்வது ஆகிய அத்தனை வேலைகளையும் பயிற்சி பெற்ற பெண்கள் செய்து முடித்துவிடுவதால், மருத்துவர் தமக்கு மட்டுமே உரிய வேலையை மட்டும் செய்கிறார். அந்தப் பெண்களில் மிகப் பலர் உங்கள் மகளைப் போலவே கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்து வந்தவர்கள்.

அந்த வேலையின் கனம் புரிவதற்கு ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். கண்புரையை அகற்றிய பின் வைக்கும் உள்விழி லென்ஸின் பவரைத் தீர்மானிக்க, கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளக்க வேண்டும். ஒலியலைக் கருவியின் முனையைக் கருவிழியில் தொட்டு நீளத்தை அளக்கும் முறையில், கை சற்று அழுந்திவிட்டால் கண் அமுங்கி, உண்மையைவிடக் குறைந்த நீளம் பதிவாகும். 1 மில்லிமீட்டர் பிழை என்பது கண்ணாடிப் பவரில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று வரை வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். அறுவை சிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், கட்டு அவிழ்த்ததும் அந்த முதியவருக்கு எதிரில் நிற்கும் பேரனின் முகம் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே அளவெடுக்கும் பெண்ணின் கைப்பக்குவத்தில் அவருடைய பார்வையின் ஒரு பங்கு இருக்கிறது. இதைச் சின்ன வேலை என்று எவரும் சொல்ல என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இனி ஆப்பிரிக்காவைப் பற்றி. உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. இவர்களில் மிகப் பலர் ஏழை நாடுகளில் வாழ்கிறார்கள். 1950இல் தொடங்கிய சைட்சேவர்ஸ், விமானத்துக்குள்ளேயே கண் மருத்துவமனை வைத்து 1982 முதல் நாடு நாடாகச் செல்லும் ஆர்பிஸ், 1978இல் தொடங்கிய சேவா ஃபவுண்டேஷன், 1992இல் தொடங்கிய ஃபிரெட் ஹாலோஸ் ஃபவுண்டேஷன் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆட்களை அனுப்பிச் சிகிச்சை செய்துவிட்டுத் திரும்புவதைவிட, அந்தந்த நாட்டு மக்களுக்கே பயிற்சி அளித்து, கருவியையும் லென்ஸையும் மலிவாகக் கிடைக்கச் செய்வதில்தான் இன்று இவர்களின் கவனம் கூடுதலாக இருக்கிறது. நேபாளத்தில் டாக்டர் சந்துக் ரூயித் 1994இல் காத்மாண்டுவில் தொடங்கிய தில்கங்கா மருத்துவமனை, உள்ளூரிலேயே லென்ஸ் தயாரித்து, தையல் போடாத சிறு துளை அறுவை முறையை மலைக் கிராமங்கள் வரை கொண்டு சென்றது. மதுரையில் 1992இல் தொடங்கிய, அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப், 100 டாலர் அளவில் இறக்குமதியாகிக்கொண்டிருந்த உள்விழி லென்ஸை அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்து, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது. மதுரையில் உள்ள லைக்கோ பயிற்சி நிறுவனத்துக்கு ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்து மருத்துவமனைக் குழுக்கள் கற்றுக்கொள்ள வருகின்றன. ஆகவே உங்கள் மகள் கென்யாவுக்கோ மலாவிக்கோ போய் வேலை பார்ப்பதைவிட, அங்கிருந்து இங்கு வருபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நிலைக்கு உயர்வதற்கே வாய்ப்பு அதிகம். வெளிநாடு போனாலும், பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, பயிற்றுநராகத்தான் போவாள். முன்பணம் கட்டினால் ஆப்பிரிக்காவில் சேவை வேலை என்று யாராவது அணுகினால், அவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

படிப்புக்கு அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கண் மருத்துவமனைகளே பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, தங்க வைத்து, உதவித்தொகையும் தந்து, இரண்டு ஆண்டு பயிற்சி அளிக்கும் வழி. மற்றொன்று ஆப்டோமெட்ரி, அதாவது பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடிப் பவரைக் கணிக்கும் துறையின் பட்டப்படிப்பு. உள்ளிருப்புப் பயிற்சியும் அதில் அடங்கும். வீட்டு நிலைமை தாங்குமானால் பட்டப்படிப்பையே தேர்ந்தெடுங்கள் என்பது என் தெளிவான கருத்து. முதுநிலைப் படிப்பு, ஆசிரியப் பணி, வெளிநாட்டு வாய்ப்பு எல்லாவற்றுக்கும் பட்டம் கேட்பார்கள். 2021ஆம் ஆண்டின் தேசியத் துணைநிலை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் மருத்துவ உதவியாளர் ஆகிய இருவரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருப்பதால், எந்தத் தகுதியை எங்கே பதிவு செய்யலாம் என்பது இனி மேலும் முக்கியமாகும். பண நெருக்கடி இருந்தால் மருத்துவமனைப் பயிற்சியில் சேர்வதில் எந்தத் தாழ்வும் இல்லை. ஆனால் முடிவில் தரும் சான்றிதழ் எதற்கெல்லாம் செல்லும், பயிற்சிக்குப் பின் எத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லையில் வாழ்வதால் சேர்க்கையில் ஒரு சிக்கல் வரும். வீட்டில் தமிழ் பேசி, தமிழ்வழிப் பள்ளியில் படித்திருந்தாலும், குடியிருப்பு பாலக்காடு மாவட்டத்தில் என்பதால், அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அவள் முதலில் பார்க்க வேண்டியது கேரளத்தில் துணைநிலை மருத்துவப் படிப்புகளின் சேர்க்கையை நடத்தும் எல்.பி.எஸ். மையத்தின் அறிவிப்பைத்தான். வாளையாற்றைத் தாண்டினால் கோவை என்றாலும், தமிழக அரசு ஒதுக்கீட்டுக்கு இருப்பிட விதிகள் குறுக்கே நிற்கும். இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், இந்த ஆண்டின் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஒளியியல் பாடத்தை வெறுமனே மனப்பாடம் செய்யாமல் புரிந்து படிக்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டிலேயே அதற்குத் தேவை வந்துவிடும்.

தனியார் கல்லூரிக்குப் போவதானால் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மாணவர்கள் எந்த மருத்துவமனையில் பழகுகிறார்கள், அங்கே ஒரு நாளில் எத்தனை புறநோயாளிகள் வருகிறார்கள், மூன்றாம் ஆண்டு மாணவி தன் கையால் பவர் பார்க்கிறாளா அல்லது பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறாளா என்று, அலுவலகத்தில் கேட்காமல் அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். கோழிப்பாறையில் அகல்யா கண் மருத்துவமனை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை மருத்துவமனைகளும் பேருந்து தூரம்தான். நேரில் போய்ப் பார்க்காமல் எந்த இடத்திலும் முன்பணம் கட்டாதீர்கள்.

பட்டம் பெற்றவர்களில் பலர் கண்ணாடிக் கடைகளுக்குப் போய், மாதத்துக்கு இத்தனை ஃபிரேம் விற்க வேண்டும் என்ற நெருக்கடிக்குள் சிக்கிக்கொள்வதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் மகளின் மனப்போக்குக்கு அது ஒத்துவராது. அவளுக்குப் பொருந்துவது மருத்துவமனையோ, சிற்றூர்களில் நடக்கும் பார்வை மையமோதான். அங்கே பெரிய கருவிகள் இல்லாமலே பெரிய நன்மை நடக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்திருந்தது. நெல்லியாம்பதித் தோட்டங்களிலும் முதலமடை மாந்தோப்புகளிலும் வேலை செய்யும் பெண்களில் எத்தனை பேர் அந்த எளிய கண்ணாடிகூட இல்லாமல் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தமிழும் மலையாளமும் தடையின்றிப் பேசும் ஒரு பெண் அந்த மக்களிடையே செய்யக்கூடிய வேலையை, வெளியூரிலிருந்து வரும் எவரும் அத்தனை எளிதாகச் செய்துவிட முடியாது.

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் மகனைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஏழை நாடுகளில் நன்கொடையாக வந்த கண் கருவிகள் பழுது பார்க்க ஆளின்றிக் கிடப்பது நெடுநாளைய குறை. கண் கருவிகளைப் பராமரிப்பதற்கென்றே மதுரையில் குறுகிய காலப் பயிற்சி உண்டு என்பதை அவரிடம் சொல்லி வையுங்கள்.

தேர்வு முடிந்ததும், உங்கள் பக்கத்தில் அடுத்து நடக்கும் முகாமுக்கு மகளை மீண்டும் அனுப்புங்கள். இந்த முறை உதவிக்கு மட்டுமன்றி, பவர் பார்க்கும் பெண்ணின் அருகில் அனுமதி பெற்று நாள் முழுவதும் இருக்கட்டும். அதே கேள்வியை நூறு பேரிடம் அலுக்காமல் கேட்க வேண்டியிருப்பதையும், சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போவதையும் பார்த்த பிறகும் அவள் மனம் மாறவில்லை என்றால், மதிப்பெண் பட்டியலையும் நீங்கள் விசாரித்து வைத்த கல்லூரிகளின் பெயர்களையும் எனக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தில் எந்த வரிசையில் அவற்றைக் குறிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.