ஸ்லைடு கற்க மூன்று மாதம் எதற்கு?

அன்புள்ள அம்மாவுக்கு,

பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன் வகுப்புக் கருத்தரங்கில் ஸ்லைடுகளோடு பேச எழுந்து, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான் என்று சொன்னீர்கள். "எனக்கு பவர்பாயிண்ட் சரியாகத் தெரியாது, அதனால்தான்" என்று அவன் சொல்கிறான். மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு ஒன்றில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். ஸ்லைடு மென்பொருளின் அடிப்படை என்பது தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பத்து நாளில் முடிகிற சமாச்சாரம். அதை மூன்று மாதத்துக்கு இழுக்க வேண்டுமானால் எழுத்துகளைப் பறக்கவிடுவது, சுழலவிடுவது, கைதட்டல் ஒலி சேர்ப்பது என்று எதையாவது போட்டு நிரப்பித்தான் ஆக வேண்டும். வேலைக்குப் போன பிறகு அவற்றை மறப்பதற்குத் தனியாக ஒரு மாதம் ஆகும்.

அதற்காக, "அது என்ன பெரிய வித்தை, தானாக வந்துவிடும்" என்று விட்டுவிடவும் சொல்லமாட்டேன். தானாக வருவதில்தான் கோளாறே. நானும் தானாகக் கற்றவன்தான். அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நாற்பது ஸ்லைடு கொண்ட அறிக்கை ஒன்றைத் தயாரித்தேன். வெற்று ஸ்லைடு ஒன்றை எடுப்பேன். டெக்ஸ்ட் பாக்ஸ் என்னும் எழுத்துப்பெட்டி ஒன்றை வரைவேன். தலைப்பை அடித்து, எழுத்தைப் பெரிதாக்கி, நீல நிறம் கொடுத்து, கண்ணளவில் மேலே நகர்த்தி வைப்பேன். அடுத்த ஸ்லைடிலும் அதே வேலை. மறுநாள் காலையில் கூட்டம். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேலதிகாரி பார்த்துவிட்டு இரண்டே இரண்டு திருத்தம் சொன்னார்: தலைப்புகள் பச்சை நிறத்தில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் சின்னம் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குப் போக வேண்டும். அவர் கணக்கில் அது இரண்டு நிமிட வேலை. எனக்கு இரவு பதினொன்றரை ஆனது. அப்படியும் மறுநாள் திரையில் ஸ்லைடு மாறும்போதெல்லாம் தலைப்பு ஒரு நூலளவு மேலும் கீழுமாகத் துள்ளியது. கூட்டத்தில் இருந்தவர்கள் என் பேச்சைவிட அந்தத் துள்ளலைத்தான் அதிகம் கவனித்தார்கள்.

அந்த இரண்டு திருத்தங்களும் உண்மையிலேயே இரண்டு நிமிட வேலைதான் என்பது பிறகுதான் தெரிந்தது. புதிய ஸ்லைடைத் திறந்ததும் புள்ளிக்கோடு போட்ட பெட்டிகள் தெரிகின்றன அல்லவா, தலைப்புக்கு ஒன்று, விஷயத்துக்கு ஒன்று? அவற்றை பிளேஸ்ஹோல்டர் என்பார்கள். பார்வைக்கு டெக்ஸ்ட் பாக்ஸ் போலவே இருந்தாலும் இது வேறு சாதி. அந்தப் பெட்டிக்குள் அடிக்கும் எழுத்து "நான்தான் இந்த ஸ்லைடின் தலைப்பு" என்று மென்பொருளிடம் பதிவு செய்துகொள்கிறது. எத்தனை ஸ்லைடு இருந்தாலும் அத்தனைத் தலைப்புகளின் நிறம், அளவு, இடம் எல்லாவற்றையும் ஸ்லைடு மாஸ்டர் என்ற ஒரே தாய்ப்பக்கம் ஆள்கிறது. வியூ மெனுவில் அது இருக்கிறது. அங்கே பச்சை என்று ஒருமுறை மாற்றினால் நாற்பது ஸ்லைடிலும் பச்சை. அங்கே சின்னத்தை நகர்த்தினால் எல்லா இடத்திலும் நகரும். நாமாக வரைந்த டெக்ஸ்ட் பாக்ஸ் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் அப்படியே நிற்கும்.

ஒருவர் இந்த மென்பொருளை முறையாகக் கற்றவரா என்று கண்டுபிடிக்க நான் ஒரு சுருக்குவழி வைத்திருக்கிறேன். அவர் செய்த கோப்பைத் திறந்து, வியூ மெனுவில் அவுட்லைன் வியூ என்பதை அழுத்துவேன். முறையாகச் செய்திருந்தால் இடப்பக்கம் எல்லாத் தலைப்புகளும், அவற்றின் கீழ் விஷயங்களும் ஒரு கட்டுரையின் சட்டகம் போல வரிசையாக இறங்கும். டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்தே ஒப்பேற்றியிருந்தால் ஸ்லைடு எண்கள் மட்டும் இருக்கும், பக்கத்தில் எதுவும் இருக்காது. ஸ்லைடில் எவ்வளவு வண்ணம் குழைத்திருந்தாலும் சரி. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் எல்லோரும் இப்படிச் சோதிப்பதில்லை. ஆனால் சேர்ந்த பிறகு அந்தக் கோப்பை வாங்கித் திருத்தப்போகும் சக ஊழியருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

ஆகவே தம்பி கற்க வேண்டிய முதல் பாடம் அவுட்லைன்தான். அதில் தலைப்பை அடித்து, என்டர் தட்டினால் புதிய ஸ்லைடு. டாப் விசையை அழுத்தினால் அந்த வரி ஒரு படி இறங்கி முந்தைய தலைப்பின் கீழ் விஷயமாகிவிடும். ஷிஃப்டும் டாப்பும் சேர்ந்தால் மறுபடி ஏறும். படமோ நிறமோ தொடாமல் பத்து ஸ்லைடின் சட்டகத்தை இப்படியே அடித்துவிடலாம். யோசனையில் ஓட்டை இருந்தால் இங்கேயே பல்லிளித்துவிடும். அலங்காரம் தொடங்கிய பிறகு அந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

எந்த மென்பொருள் என்பது பெரிய கேள்வியே இல்லை. பவர்பாயிண்ட் கைவசம் இருந்தால் அது. இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸின் இம்ப்ரெஸ், கூகுள் ஸ்லைட்ஸ் இரண்டும் இலவசம். ஆப்பிள் கணினி இருந்தால் கீநோட். பொத்தான் இருக்கும் இடம் மாறும், பெயர் மாறும். லேஅவுட் (ஸ்லைடில் பெட்டிகள் அமைந்திருக்கும் விதம்), பிளேஸ்ஹோல்டர், மாஸ்டர் என்ற சங்கதி ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான். ஒன்றில் கை பழகினால் மற்றொன்றுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் இருவரும் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் உருவாக்கியது பவர்பாயிண்ட். 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. முதல் பதிப்பில் நிறம் கிடையாது, கறுப்பு வெள்ளைதான். பேச்சாளர் தன் கருத்தைத் தானே ஒழுங்குபடுத்தி, கண்ணாடித்தாளில் அச்சிட்டு, ஓவர்ஹெட் புரொஜக்டரில் வைத்துக் காட்டுவதற்காக வந்தது அது. பறக்கும் எழுத்து பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளி.

இனி தலைப்பைப் பற்றி. இதில் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் ஸ்லைடுகளில் "முன்னுரை", "விற்பனை", "பயன்கள்" என்று ஒற்றைச் சொல் தலைப்புகளாகவே இருக்கும். தம்பியின் கருத்தரங்கிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். "விற்பனை" என்று மேலே எழுதிவிட்டு, கீழே ஒரு வரைபடத்தை ஒட்டிவிட்டால் அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்பதைப் பார்ப்பவர்தான் தேட வேண்டும். "மூன்றாம் காலாண்டில் விற்பனை சரிந்ததற்குப் பொருள் தாமதமாக வந்ததே காரணம்" என்று முழு வாக்கியமாக எழுதினால் ஸ்லைடு தானே பேசும். பேச மறந்தவனுக்கும் அதுவே அடியெடுத்துக் கொடுக்கும். தலைப்பு நீளமாகிறதே என்று கூச வேண்டாம். இரண்டு வரி வரை போகலாம்.

தலைப்பு தவறானால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் புறப்பட்ட 82 விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் ஆபத்தை மதிப்பிட்டு ஸ்லைடுகள் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே இருக்கின்றன என்று எண்ணவைக்கும் தொனியில் இருந்தது. அதே ஸ்லைடின் அடிமட்டத்தில், உள்ளுக்குள் உள்ளாகத் தள்ளி எழுதிய சின்ன வரியில், வேறொரு செய்தி இருந்தது: முன்பு சோதித்துப் பார்த்த துண்டின் கன அளவு 3 கன அங்குலம், இப்போது மோதியதற்கு எடுத்துக்கொண்ட மதிப்பீடு 1,920 கன அங்குலம். 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கலம் சிதறியது. அந்த ஒரு ஸ்லைடால்தான் விபத்து நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடுகளை வைத்து ஒப்பேற்றும் பழக்கத்தை விசாரணைக் குழுவின் அறிக்கையும் கண்டித்தது. தலைப்பாக ஏற வேண்டிய எண் கடைசி வரியில் ஒடுங்கிக் கிடந்தது என்பதை மட்டும் தம்பி நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தமிழில் ஸ்லைடு செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் மட்டுமே அடிக்கச் சொல்லுங்கள். பழைய வகை எழுத்துருக்களில் அடித்தது அவன் கணினியில் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். யூனிகோடிலும் எழுத்துரு மாறினால் வரி உடைந்து, சொல் பெட்டிக்கு வெளியே வழியக்கூடும். விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவை வைத்துக்கொள்வது நிம்மதி. எதற்கும் ஒரு பிடிஎஃப் நகலையும் பென் டிரைவில் எடுத்துப் போகட்டும். அனிமேஷன் போகும், எழுத்து தப்பிக்கும். நல்ல பேரம்தான்.

எழுத்தின் அளவு, நிறம் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கடைசி வரிசையில் இருப்பவர் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் அளவு சரி. இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம். போதும்.

இப்போது உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். மென்பொருள் தெரியாததால் அவன் உட்கார்ந்துவிடவில்லை, அம்மா. பேச வேண்டியதை எல்லாம் ஸ்லைடிலேயே எழுதி வைத்திருப்பான். வகுப்பு அவனைவிட வேகமாகப் படித்து முடித்திருக்கும். அதன் பிறகு சொல்ல அவனிடம் எதுவும் மிச்சம் இருந்திருக்காது. நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். இதற்கும் மென்பொருளுக்குள்ளேயே ஒரு மருந்து இருக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் நோட்ஸ் என்ற இடம் உண்டு. பேச வேண்டிய வாக்கியங்கள் அங்கே போகட்டும். ஸ்லைடில் தலைப்பும், அதை நிரூபிக்கும் ஒரு படமோ எண்ணோ இருக்கட்டும். பிரசென்டர் வியூவில் ஓட்டினால் அந்தக் குறிப்புகளும் அடுத்து வரப்போகும் ஸ்லைடும் அவனுடைய திரையில் மட்டும் தெரியும், சபைக்குத் தெரியாது.

விசைகள் நான்கைந்து பழகினால் கை நடுங்காது. எஃப்5 அழுத்தினால் முதலிலிருந்து ஓடும், ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் நிற்கும் ஸ்லைடிலிருந்து ஓடும். யாராவது "அந்த ஏழாவது ஸ்லைடைக் காட்டுங்கள்" என்றால் 7 அடித்து என்டர் தட்டினால் நேரே அங்கே போய்விடும். எனக்கு மிகவும் பிடித்தது ஆங்கில பி எழுத்து: ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் திரை முழுக்க இருண்டுவிடும். சபை திரையை விட்டு அவன் முகத்தைப் பார்க்கும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு திரும்பும். முதல் தடவை அதைச் செய்யப் பயமாக இருக்கும். வீட்டில் உங்களை உட்காரவைத்து நான்கைந்து முறை செய்து பார்க்கட்டும். அப்போது நீங்கள் திருத்தம் எதுவும் சொல்லாமல் இருப்பது உங்கள் பங்கு வேலை. முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ சொன்னதிலிருந்து நான் இதைப் புரிந்துகொண்டேன், சரிதானா?"

சான்றிதழ் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் ஸ்பெஷலிஸ்ட் தேர்வுகளில் பவர்பாயிண்டுக்கும் ஒன்று இருக்கிறது. அலுவலக உதவியாளர் போன்ற பணிகளுக்கு விண்ணப்பிக்கும்போது அது ஒரு வரி கூடுதல் பலம். மற்றப் பணிகளுக்கு, அவனே செய்த எட்டு ஸ்லைடு கோப்பு ஒன்றைக் காட்டுவது அதைவிட மேல். "இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் ஸ்லைடு போட்டுக் கொடுக்கிறதே" என்று அவன் கேட்பான். கொடுக்கிறது. பார்க்க லட்சணமாகவும் இருக்கிறது. ஆனால் "முன்னுரை", "பயன்கள்" என்று அவனைப் போலவே அதுவும் தலைப்பு வைத்துவிடுகிறது பல நேரம். திருத்தத் தெரிந்தவனுக்கு அது நல்ல எடுபிடி.

பத்து நாளை எப்படிச் செலவிடுவது என்று கேட்டால், முதல் மூன்று நாள் அவுட்லைனும் லேஅவுட்டும். அடுத்த இரண்டு நாள் மாஸ்டர். இங்கே அவசரப்பட வேண்டாம், குழப்பம் வரும், வரட்டும். ஒரு நாள் வரைபடமும் அட்டவணையும். ஒரு நாள் படங்களை வெட்டுவது, சுருக்குவது, பிடிஎஃப் எடுப்பது. மிச்ச மூன்று நாளும் பேசிப் பழக. அனிமேஷனுக்கு நாள் ஒதுக்கவில்லை என்று அவன் முகம் சுளித்தால், ஒன்றன்பின் ஒன்றாக வரிகள் தோன்றும் அந்த ஒரே ஒரு வகையை ஞாயிற்றுக்கிழமை மாலை கற்றுக்கொள்ளட்டும்.

புதுத் தலைப்பு எதுவும் தேட வேண்டாம். பாதியில் நின்றுபோன அதே கருத்தரங்கை எட்டு ஸ்லைடில் மறுபடி செய்யட்டும். பதினோராம் நாள் கோப்பை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திறந்ததும் நேரே அவுட்லைன் வியூவுக்குத்தான் போவேன் என்பதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், தப்பில்லை.